இடது முன்சக்கரத்துப் பேரிங்

போன வருடம் மாசி மாதம் நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோவை கணபதியில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் நான் ஒரு வேலை செய்தேன். அடுத்த ஞாயிறு மதியம் வால்பாறை மலைப்பாதையில் அந்த வேலைக்கு எனக்கு மார்க் போட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் என் மண்டையில் குட்டு விழுந்த விவரம் முழுசாக விளங்கும்.

நான் மோட்டார், பம்புசெட் பழுதுபார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றை இருபத்தெட்டு வருடமாக நடத்தி வருகிறேன். மூன்று பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். எந்த மோட்டாருக்கு எந்த நம்பர் பேரிங் என்று புத்தகத்தைப் புரட்டாமல் சொல்வேன். கல்யாண நாளை மறந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், 6305-ஐ மறந்ததில்லை. ஓடுகிற மோட்டாரின் மூடி மேல் திருப்புளியின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டேன் என்றால், பேரிங் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்பது நான் சொல்வது, என் மனைவியைக் கேட்டால் வேறு அளவு சொல்வாள்.

என் மகளை வால்பாறையில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு எஸ்டேட்டில் அலுவலக வேலை. மகளுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது தொடங்கியிருந்தது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து முடித்து, பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் காரின் இடது முன்சக்கரத்திலிருந்து ஓர் உறுமல் வர ஆரம்பித்தது. வேகம் ஐம்பதைத் தாண்டினால் கேட்கும், பிரேக் பிடித்தால் அடங்கும். எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, சக்கரத்துப் பேரிங் போய்விட்டது.

வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். கொண்டுவந்து நிறுத்துங்க, இரண்டு நாளாகும் என்றார்கள். ஒரு பேரிங் மாற்ற இரண்டு நாளா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏனுங்க, புள்ளையக் கூட்டிட்டு வர்ற வண்டிங்க. தெரிஞ்சவங்ககிட்டக் குடுத்துச் செஞ்சா என்னங்க?" என்றாள் மனைவி.

"என்னைய விடத் தெரிஞ்சவன் எவன் இருக்கறான்?" என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். கைப்பேசியில் ஒரு வீடியோவைப் போட்டுச் சாமான் பெட்டி மேல் சாய்த்து வைத்துக்கொண்டேன். யாரோ ஒருவர் வெளிநாட்டில் தன் வீட்டு வாசலில் வைத்து இதே வேலையைச் செய்கிறார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, அச்சின் பெரிய நட்டை இரண்டடிக் குழாய் மாட்டி நெம்பி எடுத்தேன். பிரேக் பாகத்தைக் கழற்றிக் கட்டுக்கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட்டேன். பேரிங் உட்கார்ந்திருக்கும் கனமான இரும்புக் கூட்டை வெளியே எடுத்து மேசை மேல் வைத்தபோது மணி ஒன்பதரை.

அதிலிருந்து பழைய பேரிங்கை எடுத்துப் புதிதை ஏற்ற, அழுத்தித் தள்ளும் பிரஸ் வேண்டும். அதற்கும் என்னிடம் வழி இருந்தது. கனத்த இரும்புச் சேனல்களை வெல்டு வைத்து, லாரிக்காரர்கள் வைத்திருக்கும் பத்து டன் ஜாக்கியை நடுவில் நிறுத்தி, நானே செய்த பிரஸ் ஒன்று கொட்டகையில் பல வருடமாக இருக்கிறது. பழையதைப் பிதுக்கி வெளியே தள்ளினேன். புதியதை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எத்தனை வருடமாகப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத பொருள் அது. உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் சுண்டைக்காய் அளவு எஃகு உருண்டைகள். ஒரு கார், அதற்குள் ஒரு குடும்பம், டிக்கியில் பலகாரத் தூக்குகள், எல்லாம் சேர்ந்து இந்த உருண்டைகள் மேல்தான் ஊர்ந்து போகிறது.

வீடியோக்காரர் இந்த இடத்தில் எதையோ நீட்டி முழக்கி விளக்க ஆரம்பித்தார். பேரிங் ஏற்றுவதை எனக்குப் பாடம் எடுக்கிறானே என்று விரலால் தள்ளி அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டேன். பெட்டிக்குள் துழாவி, பேரிங்குக்கு நேர் பொருத்தமாக ஒரு குழாய்த் துண்டை எடுத்தது கை. அதை வைத்து ஜாக்கியை அடித்தேன். பேரிங் சிணுங்காமல் உள்ளே போய் அமர்ந்தது. பதினொரு மணிக்குச் சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றிவிட்டேன். ஒரு சத்தமில்லை. அன்று சாயங்காலம் மனைவியை உட்காரவைத்து அவிநாசி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். உறுமல் போயே போய்விட்டது. திரும்பும்வரை அதைப் பற்றி நான் பேசிய பேச்சில் அவள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் இருந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு வால்பாறையில் விருந்து சிறப்பாக முடிந்தது. உறவுக்காரர்கள் வந்த வேன் முன்னாலேயே இறங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. நான், மனைவி, மகள் மூவரும் பன்னிரண்டரைக்குக் காரில் கிளம்பினோம். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மகளை வீட்டுப்படி ஏற்றிவிட வேண்டும் என்று மனைவி பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளை முன்சீட்டில் உட்காரவைத்து, சீட்டைச் சற்றுச் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்திருந்தோம். எனக்கு இடது பக்கம், அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே அவள்.

ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டர் வந்ததும் ஒரு பஸ் பழுதாகி ஓரமாக நின்றது. ஆட்கள் இறங்கி நின்றிருந்தார்கள். இரண்டு பெண்கள் கையைக் காட்டினார்கள். நேரமாகிறதே என்று நான் தயங்க, மகள்தான் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். அக்கா, தங்கை இருவரும். அக்கா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர், நாற்பது வயதிருக்கும். தங்கைக்கு முப்பதுக்கு மேல். உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை, பார்க்க வந்த தங்கையை அக்கா திரும்பக் கொண்டுபோய் விடப் போகிறாராம். தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது என்று அக்கா சொன்னார். ஏறும் முன்பு தங்கை செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டார். எங்கள் வண்டி அழுக்காகிவிடக் கூடாதாம். பரவாயில்லை, போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சைகை காட்டியும் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டார். வெறுங்காலோடு மகளுக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தார். அக்கா நடுவில், மனைவி எனக்குப் பின்னால்.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. நாற்பது வளைவுகளையும் மகளைக் குலுக்காமல் இறங்க வேண்டும் என்று நான் வேகத்தைக் குறைத்தே வந்தேன். கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி போட்டு, மெல்லப் பாட்டும் வைத்திருந்தேன். ஏழெட்டு வளைவு இறங்கியிருப்போம். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் இருந்த தங்கை குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்திருந்தார். ஏதோ கீழே விழுந்துவிட்டது போல என்று நினைத்தேன். பிறகு கதவில் கையை வைத்தார். பிறகு மகளின் சீட்டுக் கம்பியில். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. அக்காவைத் தட்டி, கையைச் சக்கரம் போலச் சுழற்றி, அப்படியே நடுங்கவிட்டு, முன்னால் இடது பக்கத்தைக் காட்டினார்.

"சார், கொஞ்சம் நிறுத்திப் பாக்குறீங்களா? இந்தப் பக்கத்து முன் சக்கரம் சரியில்லைங்கறா" என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. இடது முன்சக்கரமா? என் சக்கரமா?

"போன வாரந்தானுங்க பேரிங் மாத்துனேன். புத்தம் புதுசுங்க. ரோடு அப்படி, வேற ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

அக்கா அதைத் தங்கைக்குச் சைகையில் சொன்னார். தங்கை அழுத்தமாகத் தலையை ஆட்டினார். மறுபடியும் அதே நடுக்கம், அதே பக்கம்.

"மில்லுல மிஷின் மேல கைய வெச்சே சொல்லிப்புடுவா சார். ரிப்பேர் பாக்குற பிட்டருங்களே இவளக் கூட்டிட்டுப் போயிக் காட்டிக் கேப்பாங்க" என்றார் அக்கா.

எனக்கு எரிச்சல் வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இருபத்தெட்டு வருடம் பேரிங்கோடு குடித்தனம் நடத்தியவன் நான். என் காதுக்குக் கேட்காத ஒன்று, காதே கேட்காத ஒருவருக்கு எப்படித் தெரியும் என்று மனதுக்குள் நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. ஆனால் முகம் சொல்லியிருக்கும்.

"அப்பா, ஒரு நிமிசம் நின்னு பாத்துப்போட்டுப் போலாமே" என்றாள் மகள்.

"ராகு காலத்துக்குள்ள ஊடு சேரோணும் கண்ணு" என்று சொல்லி இன்னும் இரண்டு வளைவு இறக்கினேன்.

அப்போது தங்கை முன்னால் சாய்ந்து என் தோளைத் தொட்டார். தட்டவில்லை, தொட்டார். திரும்பிப் பார்த்தேன். மகளின் வயிற்றைக் காட்டினார், சக்கரத்தைக் காட்டினார், கீழே பள்ளத்தைக் காட்டினார். பிறகு தன்னையும் அக்காவையும் மகளையும் காட்டி, இறக்கிவிடு என்று கையைக் கீழே காட்டினார். கண் கலங்கியிருந்தது.

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நாங்க இங்கயே எறங்கிக்கிறோமாம். இந்தப் புள்ளையையும் எறக்கி விட்டுட்டுப் போவீங்களாம்."

காட்டுப் பாதையில், பஸ் இல்லாத நேரத்தில், கிடைத்த சவாரியை விட்டு இறங்கி நிற்கத் தயாராக இருக்கிறார். தனக்காக மட்டுமில்லை, முக்கால் மணி நேரத்துக்கு முன்பு பார்த்த என் மகளுக்காகவும். பின்னாலிருந்து மனைவி, "ஏனுங்க, நிறுத்துங்க" என்றாள். அந்தக் குரலை எங்கள் கல்யாண வாழ்க்கையில் மூன்று நான்கு தடவைதான் கேட்டிருக்கிறேன். ஆழியாறு அணை கீழே தெரிகிற ஒரு அகலமான இடத்தில் ஓரம் கட்டினேன்.

இறங்கியதும் தங்கை நேராக இடது முன்சக்கரத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். நடுப்பகுதிக்குப் பக்கத்தில், தொடாமல், உள்ளங்கையை நீட்டிப் பிடித்தார். எழுந்துபோய் வலது சக்கரத்திலும் அப்படியே செய்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்து, கைகளால் அளவு காட்டினார். அங்கே இவ்வளவு, இங்கே இவ்வளவு. மலை இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடாகத்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிரேக் சூடு என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? நான் இரண்டிலும் கையை நீட்டிப் பார்த்தேன். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பக்கம் அடுப்பங்கரைச் சூடு.

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். இம்மிகூட ஆடக் கூடாத சக்கரம் டக்டக்கென்று ஆடியது. இன்னொரு முறை ஆட்டினேன், கனவாக இருந்தால் கலைந்துவிடட்டும் என்கிற மாதிரி. மறுபடியும் டக்டக். சாமான் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, நுனியை உள்பக்கத்து இரும்பில் வைத்து, காதைக் கொடுத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றச் சொன்னேன். தங்கைதான் சுற்றினார். உள்ளே ஜல்லியை அரைக்கிற சத்தம் கேட்டது. அதைக் கேட்க எனக்கு ஜாக்கி, திருப்புளி, காது மூன்றும் வேண்டியிருந்தது. அவர் ஓடுகிற வண்டியில் வெறுங்காலை வைத்துக் கண்டுபிடித்திருந்தார்.

இன்னும் முப்பது வளைவுகள் பாக்கி. அந்தச் சக்கரம் பொள்ளாச்சி வரைக்கும் தாங்கியிருக்கலாம். அடுத்த வளைவிலேயே இறுகிப் பிடித்திருக்கலாம், இல்லை கழன்றே போயிருக்கலாம். எது நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்பது மாதக் கர்ப்பிணியான என் மகள் அதற்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் ஓரமாக இருந்த சுவரில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பக்கத்தில் வந்து, "ஒண்ணும் ஆவலையேப்பா, விடுங்க" என்று என் முதுகைத் தடவினாள். நான் தேற்ற வேண்டியவள் என்னைத் தேற்றினாள்.

அரைமணி நேரத்தில் மேலேயிருந்து அடுத்த பஸ் வந்தது. கையைக் காட்டியதும் டிரைவர் நிறுத்தினார். மகளைப் பார்த்துவிட்டு, "வாங்க கண்ணு, மெதுவா ஏறுங்க, மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்றார். முன்சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். மனைவியும் அந்தச் சகோதரிகளும் கூடவே ஏறினார்கள். பொள்ளாச்சியில் இறங்கும்வரை அந்தத் தங்கை மகளின் பக்கத்தில் நின்றபடி, ஒரு கையைக் கம்பியிலும் ஒரு கையை அவள் தோளிலும் வைத்துக்கொண்டே வந்தார் என்று மனைவி பிறகு சொன்னாள். முன்னால் போன வேன் பொள்ளாச்சியில் காத்திருந்து மகளை ஏற்றிக்கொண்டது. வீடு சேரும்போது மணி ஐந்தேகால், நடு ராகு காலம். பத்து நாளாக என்னை விரட்டிய மனைவி, "ராகு காலமாவது ஒண்ணாவது" என்று ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்துப் போய்விட்டாளாம்.

நான் மீட்பு வண்டிக்காகக் காத்திருந்தேன். அது வர மூன்று மணி நேரம் ஆனது. குரங்குகள் வந்து காரின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தன. வேறு வேலை இல்லாமல் நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். பேரிங் நல்ல கடையில் வாங்கியது. கண்ணால் பார்த்து, கையால் சுற்றி, நானே ஏற்றியது. எங்கே தப்பு நடந்தது என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. வந்த மீட்பு வண்டிக்காரர் முன்பக்கத்தைக் கொக்கியில் தூக்கியதும் சக்கரம் ஆடுவதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, இந்த பேரிங்க யாருங்க போட்டது?" என்று கேட்டார்.

"ஒரு ஆளுங்க" என்றேன்.

"இனிமே அந்தாளுகிட்டப் போவாதீங்க" என்றார். கணபதி வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன், அந்த ஆள் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

மறுநாள் கொட்டகையில் அந்த பேரிங்கை வெளியே எடுத்துப் பிரித்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உருண்டைகள் ஓடும் பாதை கண்ணாடி போல இருக்க வேண்டும். அதில் சம இடைவெளி விட்டுக் குழி குழியாக இருந்தது. சில இடத்தில் குழி பெயர்ந்து பொரிந்துவிட்டிருந்தது. ஒரு உருண்டைக்கு ஒரு குழி. சப்பாத்தி மாவில் விரலால் அழுத்தினால் விழுமே, அப்படி. எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் ஜாக்கி அடித்த அடி.

அப்போதுதான் விளங்கியது. மோட்டாரில் பேரிங்கின் உள்வளையம்தான் தண்டின் மேல் இறுக்கமாக ஏற வேண்டும், வெளிவளையம் மூடிக்குள் சும்மா போய் உட்காரும். அதனால் தட்டுவது எப்போதும் உள்வளையத்தில்தான். எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற விஷயம் அது. வெளிவளையத்தில் தட்டினால் என் பட்டறையில் திட்டு விழும். காரின் சக்கரத்தில் நேர் எதிர். அந்த இரும்புக் கூட்டுக்குள் இறுகப் போக வேண்டியது வெளிவளையம். அழுத்த வேண்டியதும் அதைத்தான். நான் உள்வளையத்துக்குப் பொருத்தமான குழாயை எடுத்து வைத்து அழுத்தினேன். டன் கணக்கான அழுத்தம் உள்வளையத்திலிருந்து உருண்டைகள் வழியாகப் போய் வெளிவளையத்தைத் தள்ளியிருக்கிறது. வீடியோக்காரர் அன்று நீட்டி முழக்கியது இதைத்தான். திரும்பப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை சொல்கிறார் பாவம்.

தெரியாதவன் செய்திருந்தால் நின்று, யோசித்து, வீடியோவை முழுசாகப் பார்த்திருப்பான். இந்தத் தப்பைச் செய்ய இருபத்தெட்டு வருடம் மோட்டார் வேலை பார்த்தவன் வேண்டும். எங்கள் ஊரில் என்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறோம். என் பட்டறை ஆட்கள் மூவரையும் கூப்பிட்டு, அந்தக் குழிகளைக் காட்டி, இது யார் செய்த வேலை என்பதையும் சொன்னேன். முதலில் சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரியுங்கப்பா என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

காரை மறுபடியும் மீட்பு வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அவர்கள் சொன்ன இரண்டு நாளும் எடுத்துக்கொண்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

சித்திரையில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். பஸ்ஸில் வரும்போது மனைவி அந்த அக்காவின் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். இருவரும் அடிக்கடி பேசிக்கொள்வார்கள். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது, தங்கையின் வீட்டுக்கு அக்கா வந்திருக்கிறார் என்று தெரிந்து எல்லோரும் கிளம்பிப் போனோம். உடுமலையைத் தாண்டி மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீடுகளில் ஒன்று. மகள்தான் கதவைத் தட்டப் போனாள். தட்டி என்ன பயன் என்று அவளுக்கே தோன்றிக் கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் படியில் நாங்கள் ஏறிய அதிர்விலேயே தங்கை எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

நான் அவருக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அந்தக் குழி விழுந்த பேரிங்கையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அதைக் கொடுத்து, அக்கா மூலமாக, இது என் தப்பு, அன்று உங்களை நம்பாததும் என் தப்பு என்று சொன்னேன். அவர் அதை வாங்கி, விரலால் பாதையைத் தடவி, ஒவ்வொரு குழியிலும் விரலை நிறுத்தி நிறுத்திப் போனார். பிறகு என்னைப் பார்த்து, மில்லில் தானும் இப்படி ஒரு முறை நூலை மாற்றிக் கோத்து ஒரு மிஷினையே நிறுத்தியதாகச் சைகையில் சொன்னார். அக்கா அதை எடுத்துச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு குடும்பத்தின் உயிரைக் காப்பாற்றியவர் என்னை ஆறுதல்படுத்த ஒரு கதை தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. எங்கள் பேத்தியின் குரல் சாமானியமானதில்லை, நாலு வீடு தள்ளிக் கேட்கும். மகள் சமாதானப்படுத்தப் பார்த்தாள். தங்கை கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். தோளில் சாய்த்து, அதன் முதுகில் உள்ளங்கையை விரித்து வைத்தார். குழந்தை கத்தியது. அவர் அசையாமல் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, நாம் நல்ல நாதஸ்வரத்தைக் கேட்கிற மாதிரி நின்றார். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சிரிப்பாக மலர்ந்தது. கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்து ஏதோ காட்டினார்.

"நல்ல சத்தம்ங்கறா சார். நெஞ்சு கெட்டியா இருக்குதாம், ஒரு கொறையும் இல்லையாம்" என்றார் அக்கா.

என் மகள் அவர் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் குழந்தையின் முதுகில், அவர் விரல்களுக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்சம் இடத்தில், என் கையையும் வைத்துப் பார்த்தேன். மூன்று மாதமாகத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த அந்த அழுகை அன்றுதான் எனக்கு முதன்முதலாகத் தொட்டுத் தெரிந்தது. இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு அதிர்வா என்று நான் அசந்துபோய் நின்றேன். அன்று மலையில் அந்தத் தங்கை நிறுத்தச் சொல்லியிருக்காவிட்டால் இந்த அழுகையே என் கைக்கு எட்டியிருக்காது என்ற நினைப்பு இன்றும் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.